முதல் படத்தைத் தேடி எடுங்கள்

வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 63 வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாயில் ஓர் இம்பிளான்ட் (பல்வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டேனியத் திருகாணி) வைத்து, அதன் மேல் கிரவுன் (செயற்கைப் பல்) பொருத்தியிருக்கிறார்கள். வலி இல்லை, ஆட்டம் இல்லை. போன மாதம் வேறொரு பல்லைக் காட்டப் போன இடத்தில் ஓ.பி.ஜி. என்னும் முழுத்தாடை எக்ஸ்ரே படம் எடுத்த வைத்தியர், இம்பிளான்டைச் சுற்றி 2 மில்லிமீற்றர் எலும்பு கரைந்துவிட்டது, கவனிக்காமல் விட்டால் கழற்ற வேண்டி வரும் என்றிருக்கிறார். பதறிப்போய் இன்னொருவரிடம் காட்டினீர்கள். அவர் அந்த இடத்தை மட்டும் காட்டும் ஒரு சின்ன எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். யாரை நம்புவது, சி.ரி. ஸ்கேன் எடுத்து ஒரேயடியாகத் தெரிந்துகொள்ளலாமா, கதிர்வீச்சால் கெடுதி வருமா என்று கேட்கிறீர்கள்.

ஸ்கேனை இப்போதைக்கு விடுங்கள். சென்னையில் கிரவுன் பொருத்திய நாளில் ஒரு சின்னப் படம் எடுத்திருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள். அது கையில் இல்லாமல் அந்த இருவரில் யார் சொன்னது சரி என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களாலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

எக்ஸ்ரே காட்டுவது, எடுத்த அன்றைக்கு எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே. கரைந்தது என்று சொல்வதற்கு, முன்பு எங்கே நின்றது என்று தெரிந்திருக்க வேண்டும். கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் பதினைந்து அடியில் கிடக்கிறது என்று யாரும் சொல்லலாம். வற்றிக்கொண்டு போகிறது என்று சொல்ல, அந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் முடியும்; மாசியில் எந்தக் கல்வரை நின்றது என்று அவருக்குத் தெரியும். பேராதனையில் படித்து வந்து கொழும்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்ப்பதில்தான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. 'எலும்பு கரைந்துவிட்டது' என்ற ஒரு வார்த்தையோடு தூக்கம் கெட்டு வருகிறவர்களில் பலருக்கு எதுவுமே கரைந்திருப்பதில்லை. உண்மையிலேயே கரைந்துகொண்டிருப்பவர்களில் சிலரோ, படம் நன்றாக இருக்கிறது என்ற நிம்மதியில் காலத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பார்த்ததால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எது இயல்பு என்று பார்ப்போம். டைட்டேனியத்தோடு எலும்பு இறுகப் பிணைந்துகொள்வதைச் சுவீடனைச் சேர்ந்த பிரோனமார்க் 1950களில், முயல்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றின்போது கவனித்தார். 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இம்பிளான்ட்களை வைத்தார். 2006இல் லார்சன் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளாக அவை அவர் வாயில் வேலை செய்தன. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்; பயந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் தெம்பாக இருக்கும். ஆனால் அந்தத் தொடக்க காலத்து நோயாளிகளிலேயே இன்னொன்றும் தெரிந்தது. கிரவுன் பொருத்திய முதல் ஆண்டில் எலும்பின் மேல் விளிம்பு சற்றுக் கீழே இறங்கி, பிறகு அங்கேயே நின்றுவிடுகிறது. முரசு (ஈறு) தன்னை இம்பிளான்டின் மேல் மூடி ஒட்டிக்கொள்வதற்கு ஒரு குறிப்பிட்ட உயரம் தேவை. அந்த இடம் போதாவிட்டால் எலும்பு இறங்கி இடம் விடுகிறது. இது உடல் தன்னைச் சரிசெய்துகொள்வது; வருத்தம், அதாவது நோய், அல்ல.

1986இல் ஆய்வாளர் அல்பிரெக்ட்சனும் அவருடைய கூட்டாளிகளும், நல்ல இம்பிளான்டுக்கு முதல் ஆண்டுக்குப் பிறகு ஆண்டொன்றுக்கு 0.2 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே எலும்பு இறங்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். முதல் ஆண்டின் இறக்கத்துக்கு 1.5 மில்லிமீற்றர்வரை நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. இன்றைய வடிவங்களில் பொதுவாக அதைவிடக் குறைவாகவே இறங்குகிறது. 2017இல் நடந்த உலகப் பயிலரங்கில் முரசு வருத்தங்களையும் இம்பிளான்டைச் சுற்றி வரும் வருத்தங்களையும் புதிதாக வகைப்படுத்தியபோது, முதல் ஆண்டிலேயே 2 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இறங்கினால் அதை இயல்பான மாற்றமாக எடுக்கக் கூடாது என்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 0.2 என்பது பலரையும் சேர்த்துப் பார்க்கும் சராசரிக்கு உரிய எண். ஒருவருடைய படத்தில் ஒரே ஆண்டில் 0.2 மில்லிமீற்றரை நம்பிக்கையாக அளக்க யாராலும் முடியாது. நானே ஒரே படத்தைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அளந்தால் அவ்வளவு வேறுபாடு வரும். அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த வித்தியாசத்தை வைத்து நான் ஒருவரிடமும் எலும்பு குறைந்துவிட்டது என்று சொல்வதில்லை.

இனி உங்கள் அம்மாவின் அந்த 2 மில்லிமீற்றர். எதிலிருந்து அளந்து அந்த எண் வந்தது என்பதே என் முதல் கேள்வி. இம்பிளான்ட்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். ஒரு வகையின் தலை எலும்பின் மட்டத்திலேயே இருக்கும். மற்ற வகைக்குச் சொரசொரப்பான உடலுக்கு மேலே வழுவழுப்பான ஒரு கழுத்து உண்டு. அந்தக் கழுத்து முரசுக்குள் நிற்பதற்காகவே செய்யப்பட்டது, எலும்பு அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்ட்ரோமான் நிறுவனத்தின் இந்த வகை இம்பிளான்ட்களில் கழுத்தின் உயரம் 1.8 அல்லது 2.8 மில்லிமீற்றர். இம்பிளான்டின் உச்சியிலிருந்து எலும்புவரை அளந்தால், வைத்த முதல் நாளிலேயே 1.8 மில்லிமீற்றர் 'கரைந்ததாக' வரும்.

இதோடு ஓ.பி.ஜி.யின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் அந்தப் பெரிய படத்தில் எல்லாமே நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரியும். பல இயந்திரங்களில் 20 முதல் 30 சதவீதம்வரை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அம்மாவுக்கு வைத்தது கழுத்துள்ள வகை என்று வைத்துக்கொள்வோம். சொரசொரப்பான பகுதி 10 மில்லிமீற்றர், கழுத்து 1.8, மொத்தம் 11.8. படத்தில் உச்சியிலிருந்து நுனிவரை அளந்தால் 14.2 வருகிறது. அப்படியானால் படம் நிஜத்தைவிட 1.2 மடங்கு பெரிது. உச்சியிலிருந்து எலும்பு தொடங்கும் இடம்வரை படத்தில் 2.4 என்றால், 1.2ஆல் வகுக்க நிஜத்தில் 2.0. அதில் கழுத்தின் 1.8 போக மிஞ்சுவது 0.2 மில்லிமீற்றர். கழற்ற வேண்டி வரும் என்று பயமுறுத்திய 2 மில்லிமீற்றர், அளவைப் பிழைக்குள் அடங்கிப்போகும் 0.2 ஆகிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இம்பிளான்டின் பெயரும் நீளமும் வகையும் தெரியாமல் படத்தில் அளவுகோலை வைப்பவர் எவ்வளவு எளிதாக வழுக்கி விழலாம் என்பதைக் காணுங்கள். சென்னையில் வைத்தபோது ஒரு சிறிய அட்டை கொடுத்திருப்பார்கள். நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த அட்டையையும் தேடுங்கள். மருந்துச் சிட்டைகளோடு அலுமாரியில் எங்கேயாவது கிடக்கும்.

அதற்காக ஓ.பி.ஜி. பயனற்றது என்று நினைக்க வேண்டாம். வாய் முழுவதையும் ஒருமுறை பார்க்கவும், நரம்பு எங்கே ஓடுகிறது, பக்கத்தில் வேறு கட்டி ஏதும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் நல்ல படம். முன்பற்கள் இருக்கும் இடத்தில் முதுகெலும்பின் நிழல் விழுந்து மங்கிப்போகும். இம்பிளான்டின் விளிம்பில் ஒரு மில்லிமீற்றரை எண்ணுவதற்கு அது ஏற்ற கருவி அல்ல.

அதற்கு உரியது சின்னப் படம்தான், பெரியாபிக்கல் என்பார்கள். வாய்க்குள் ஒரு தகட்டை வைத்து எடுப்பது. ஆனால் சின்னப் படம் என்பதாலேயே சரியான படம் என்று ஆகிவிடாது. இரண்டாவது வைத்தியர் எடுத்ததையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடலாம், அதற்குப் பட்டம் தேவையில்லை. படத்தைப் பெரிதாக்கி இம்பிளான்டின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். திருகாணியின் புரிகள் மரம் அறுக்கும் வாளின் பல்போல இரண்டு பக்கமும் கூர்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? அப்படியென்றால் கதிர் இம்பிளான்டுக்குச் செங்குத்தாக விழுந்திருக்கிறது, அந்தப் படத்தில் அளக்கலாம். ஒரு பக்கம் புரி கூர்மையாகவும் மறுபக்கம் கூழாகவும் இருந்தால் கதிர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் புரி மறைந்து வெறும் கம்பிபோலத் தெரிந்தால் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. சாய்ந்த படத்தில் கன்னப்பக்க எலும்பும் நாக்குப்பக்க எலும்பும் வேறுவேறு உயரத்தில் விழும். எலும்பு இருக்கும் இடத்துக்கு மேலேயும் தெரியலாம், கீழேயும் தெரியலாம். கரைந்ததைச் சாய்ந்த படம் மறைத்துவிடும். கரையாததைக் கரைந்ததாகவும் காட்டிவிடும்.

நேரான படம் எடுப்பது சொல்கிற அளவுக்கு எளிதல்ல. இம்பிளான்ட் எப்போதும் பக்கத்துப் பல்லுக்கு இணையாக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது கிரவுன் மட்டுமே, உள்ளே திருகாணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கீழ்க் கடைவாயில் இன்னொரு சிக்கல். போன வாரம் உங்கள் அம்மாவின் வயதில் ஓர் அம்மாவுக்கு அதே இடத்தில் படம் எடுத்தேன். பிளாஸ்ரிக் பிடியில் அந்தத் தகட்டை, அதாவது சென்சரை, பொருத்தி நாக்குப்பக்கம் இறக்கியதும் அதன் விளிம்பு வாயின் அடித்தளத்தில் குத்தியது. அவர் வலியில் நாக்கை மேலே தள்ளினார், சென்சர் சரிந்தது, பிடியை முழுதாகக் கடிக்கவும் முடியவில்லை. அப்படியே எடுத்த முதல் படத்தில் புரிகள் ஒரு பக்கம் கரைந்துபோயிருந்தன. வெளியே எடுத்து, ஒரு நிமிடம் விட்டு, நாக்கைத் தளர்த்தி மூக்கால் மூச்சுவிடச் சொன்னேன். சென்சரைப் பல்லோடு ஒட்டி வைக்காமல் நாக்குப் பக்கமாக, பள்ளம் ஆழமாக இருக்கும் நடுப்பகுதிக்கு நகர்த்தினேன். மேல் பல்லுக்கும் பிடிக்கும் இடையில் ஒரு பஞ்சு உருளையை வைத்து மெதுவாகக் கடிக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பதினோரு புரிகளையும் எண்ண முடிந்தது. முதல் படத்தோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு ஒரு பக்கம் எலும்பு குறைந்துவிட்டது என்று எழுதியிருப்பேன். அம்மாவைப் படம் எடுக்கக் கூட்டிப்போகும்போது, வலித்தால் கையைத் தூக்கிக் காட்டும்படி சொல்லிவையுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு கெட்ட படம் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை.

புரிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம் தொழிற்சாலையில் நிர்ணயிக்கப்பட்டது. பிரோனமார்க்கின் பழைய திருகாணியில் அது 0.6 மில்லிமீற்றர், வேறு சிலவற்றில் ஒன்றுக்கும் மேல். ஆகவே இம்பிளான்ட் தன் அளவுகோலைத் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி அளக்கும்போது எங்களுக்கு இந்த வசதி கிடைப்பதில்லை. எலும்பு முன்பு இரண்டாவது புரியில் தொடங்கியது, இப்போது நான்காவதில் தொடங்குகிறது என்றால் படம் எவ்வளவு பெரிதாகி இருந்தாலும் கவலையில்லை.

கணினித் திரை ஏமாற்றும் விதங்களும் இருக்கின்றன. கதிர் கூடிப்போனாலோ திரையின் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டாலோ எலும்பின் மெல்லிய மேல் விளிம்பு கறுத்து, இல்லாததுபோலாகிவிடும். படத்தைக் கூர்மையாக்கும் வடிகட்டியைப் போட்டால் உலோகத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு தானாகவே தோன்றும். இம்பிளான்டுக்கும் எலும்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டதோ என்று நெஞ்சு திக்கென்று இருக்கும். வடிகட்டியை நீக்கிப் பார்த்தால் கோடும் போய்விடும். நீக்கிய பிறகும் இம்பிளான்ட் முழுவதையும் சுற்றி மேலிருந்து அடிவரை மெல்லிய கறுப்புக் கோடு நிற்கிறது, தொட்டால் ஆடுகிறது என்றால், அது எலும்போடு பிணையாத இம்பிளான்ட். அது வேறு கதை. உங்கள் அம்மாவுக்கு ஆட்டமில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்த படத்தில்கூடத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். சின்னப் படம் ஒரு நிழல். இம்பிளான்டின் முன்பக்கமும் பின்பக்கமும் உள்ள எலும்பு அதில் தெரியும். கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் உள்ளது இம்பிளான்டின் உலோக நிழலுக்குள் மறைந்துவிடும். கன்னப்பக்க எலும்போ பெரும்பாலும் மிக மெல்லியது, முதலில் அடிவாங்குவதும் பல நேரம் அதுதான். போதாததற்கு, எலும்பின் சுண்ணாம்புச் சத்தில் 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்பது பழைய பாடம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பெரியவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் வைத்த இம்பிளான்டைக் காட்ட வந்தார். அவர் கொண்டுவந்த படம் பாடப்புத்தகத்தில் போடலாம்போல இருந்தது; இரண்டு பக்கமும் எலும்பு முதல் புரியைத் தொட்டு நின்றது. விரலால் கன்னப்பக்க முரசை அழுத்தினேன், ஒரு சொட்டுச் சீழ் வந்தது. புரோப் என்னும் மெல்லிய அளவுக் கம்பி 8 மில்லிமீற்றர் உள்ளே போனது. முரசைத் திறந்து பார்த்தபோது அந்தப் பக்கத்தில் ஐந்து புரிகள் வெறுமையாகத் தெரிந்தன.

ஆகவே படத்தை வைத்து மட்டும் 'எல்லாம் சரி' என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். இரண்டாவது வைத்தியர் முரசுக்கும் இம்பிளான்டுக்கும் இடையில் உள்ள பையின் ஆழத்தை அளந்தாரா? புரோப்பால் இம்பிளான்டைச் சுற்றி ஆறு இடங்களில் மெதுவாக, கால் நியூட்டன் விசைக்குள், தொட்டுப் பார்க்க வேண்டும். இரத்தம் வருகிறதா, சீழ் வருகிறதா, ஆழம் முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இம்பிளான்டைக் கீறிவிடும் என்று பயந்து சிலர் புரோப் வைப்பதே இல்லை. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. இரத்தமோ சீழோ இல்லாமல், ஆழமும் கூடாமல் இருந்தால், படத்தில் எலும்பு ஒன்றரை மில்லிமீற்றர் கீழே தெரிந்தாலும் நான் பதற மாட்டேன். இரத்தம் கசிகிறது, ஆழம் கூடியிருக்கிறது, முதல் ஆண்டின் இயல்பான இறக்கத்துக்கும் அப்பால் எலும்பு போயிருக்கிறது என்று மூன்றும் சேர்ந்தால்தான் இம்பிளான்ட் அழற்சி என்று பெயர் வைக்கிறோம். 2017 வகைப்பாடும் இதையே சொல்கிறது.

பழைய படம் கிடைக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? அதற்கும் அந்த வகைப்பாட்டில் வழி இருக்கிறது. முந்தைய பதிவு எதுவும் இல்லாதவருக்கு, இரத்தக் கசிவோடு பை 6 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ ஆழமாக இருந்து, எலும்புக்குள் இருக்க வேண்டிய பகுதியின் உச்சியிலிருந்து 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ எலும்பு கீழே இருந்தால் அழற்சி என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எல்லை வேண்டுமென்றே தாராளமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றும் இல்லாதவருக்கு நோயாளி என்று பெயர் சூட்டிவிடக் கூடாது என்பதற்காக. அந்த அளவுக்கு வராவிட்டால், இன்று எடுக்கும் நல்ல படமே அம்மாவின் முதல் படம். அதிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

இந்த முதல் படத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்தத் தவறு ஒன்றும் காரணம். தொழில் தொடங்கிய ஆண்டுகளில் ஓர் ஆசிரியைக்கு மேல்தாடையில் இம்பிளான்ட் வைத்தேன். கிரவுன் பொருத்திய அன்று அவருக்குப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. படத்தை அடுத்த முறை எடுத்துக்கொள்வோம் என்று அனுப்பிவிட்டேன். அந்த அடுத்த முறை மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. எலும்பு மூன்றாவது புரியில் நின்றது. நான் வைத்த ஆழத்தால் முதல் ஆண்டிலேயே அங்கே இறங்கி நின்றுவிட்டதா, இப்போதும் இறங்கிக்கொண்டிருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. முரசில் ஓரிடத்தில் இலேசான இரத்தக் கசிவு வேறு. உள்ளதை உள்ளபடி அவரிடம் சொன்னேன். சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டு ஆண்டுகள் படம் எடுத்துப் பார்த்தோம். எலும்பு அசையவே இல்லை. ஒவ்வொரு முறையும் படம் திரையில் வரும்வரை அவர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு இருந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு நிமிட வேலையை நான் தள்ளிப்போட்டதால் அவர் இரண்டு ஆண்டுகள் பயத்தோடு இருந்தார். அதன் பிறகு கிரவுன் பொருத்தும் நாளில் படம் எடுக்காமல் ஒருவரையும் நான் நாற்காலியை விட்டு எழ விடுவதில்லை. ஓராண்டு முடிந்ததும் இன்னொன்று. பிறகு முரசில் ஏதாவது குறி தெரிந்தால் எடுப்பேன், இல்லாவிட்டால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை.

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு சின்னப் படத்தில் கிடைப்பது சில மைக்ரோசீவேர்ட், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரு நாளில் வாங்கிக்கொள்ளும் அளவு. ஓ.பி.ஜி. அதைவிடச் சில மடங்கு. பல்லுக்கான கோன் பீம் சி.ரி. ஸ்கேன் எடுக்கும் பரப்பையும் இயந்திரத்தையும் பொறுத்துப் பத்துக்கணக்கிலிருந்து சில நூறு மைக்ரோசீவேர்ட்வரை போகும். 63 வயதில் அதுவும் பெரிய ஆபத்தல்ல. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. டைட்டேனியம் அந்த ஸ்கேனில் தன்னைச் சுற்றிக் கறுப்புப் பட்டைகளையும் வெள்ளைக் கீறல்களையும் வீசும். எந்த அரை மில்லிமீற்றர் எலும்பைப் பார்க்க ஆசைப்படுகிறோமோ, அதே இடத்தில்தான் படம் கெடும். கன்னப்பக்கத்தில் மெல்லிய எலும்பு இருந்தும் இல்லை என்று காட்டும். சந்தேகத்தைத் தீர்க்கப் போய் இன்னொரு சந்தேகத்தை விலைகொடுத்து வாங்கி வருவீர்கள். முரசைத் திறந்து சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவானால், குழியின் வடிவத்தைப் பார்க்க அப்போது ஸ்கேன் உதவும்.

சரி, எலும்பு உண்மையிலேயே கரைந்திருந்தால் படத்தில் எப்படி இருக்கும்? பெரும்பாலும் இம்பிளான்டைச் சுற்றிச் சட்டிபோல ஒரு குழி. கிரவுனின் விளிம்பில், முரசுக்குக் கீழே சின்ன வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரவுனை ஒட்டும்போது வழிந்த சீமெந்து அங்கே தங்கி முரசை அழற்றிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாச் சீமெந்தும் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. கிரவுனுக்கும் இம்பிளான்டுக்கும் நடுவில் கறுப்புக் கோடு இருந்தால் உள்ளே இரண்டையும் இணைக்கும் சின்னத் திருகாணி தளர்ந்திருக்கலாம். அதுவும் நேரான படத்தில்தான் தெரியும். அம்மாவுக்குச் சலரோகம் (நீரிழிவு) இருந்தால், அது கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைப் பல் வைத்தியரிடமும் சொல்லுங்கள். வீட்டில் யாரும் கேட்காத ஒன்றையும் கேளுங்கள்: கிரவுனின் அடியில் இடைப்பல் தூரிகை நுழைகிறதா? நுழைய முடியாதபடி கிரவுன் பருத்திருந்தால், எவ்வளவு கவனமாகத் துலக்கினாலும் அழுக்குப் படியும். கிரவுனின் வடிவத்தைத் திருத்தினாலே முரசு ஆறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இயற்கைப் பல்லைச் சுற்றி வரும் முரசு வருத்தத்தைவிட இந்த அழற்சி வேகமாகப் போகக்கூடியது, போகப்போக வேகம் கூடவும் கூடும். அதனால் மூன்று குறிகளும் சேர்ந்து இருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடக் கூடாது. முதலில் முரசைத் திறக்காமல் சுத்தம் செய்து, ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மறுபடி அளந்து, ஆறாவிட்டால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். கழற்றுவது கடைசி வழி. அந்த நிலை வந்தால் இதில் மேற்படிப்புப் படித்த நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, கொழும்பு வோட் பிளேஸில் உள்ள அரசாங்கப் பல் வைத்தியசாலையிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

சென்னைக்கு எழுதும்போது படத்தைக் கைத்தொலைபேசியில் திரையைப் படம்பிடித்து அனுப்ப வேண்டாம் என்று தெளிவாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்தால் சுருங்கி, புரியின் கூர்மையெல்லாம் போய்விடும். மூலக் கோப்பை மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பிலேயே ஆவணமாகவோ அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரோடு, கிரவுன் பொருத்திய மாதத்தையும் எழுதுங்கள். தேட எளிதாக இருக்கும். காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்ததோ பழைய பிலிமோ வீட்டில் இருந்தால் இன்றைக்கே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பிலிம் பழுத்துப்போய் உறையோடு ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தாளில் அடித்தது நான்கு ஆண்டில் வெளிறியே போயிருக்கும்.

கோப்பு வந்ததும் இரண்டாவது வைத்தியரிடமே போங்கள், அவர் கையில் ஏற்கெனவே ஒரு சின்னப் படம் இருக்கிறது. புரிகள் தெளிவாக இருந்தால் புதிதாக எடுக்கத் தேவையில்லை. இரண்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பக்கம் எத்தனையாவது புரி, பின்பக்கம் எத்தனையாவது புரி என்று எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். ஆறு இடங்களில் புரோப் அளவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், நல்ல வைத்தியர் இதைக் குறையாக எடுக்க மாட்டார். திகதியோடு அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி, இம்பிளான்ட் அட்டையையும் சேர்த்து அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.